ஓர் எட்டுத் தள்ளி

ஒன்பதாங்கட்டை ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் பெரிய கிராணி ஸ்டானிஸ்லாஸுக்குக் கால்பந்தில் தெரியாதது எதுவுமே இல்லை, விளையாடுவதைத் தவிர. இது அவர் மனைவி கெர்ட்ரூட் சொல்வது. அவர் சொல்வது வேறு. பதினான்கு வருஷத்துக்கு முன்னால் சிங்கப்பூரில் வெள்ளைக்காரக் கப்பல்படை அணி ஆடியபோது தாமும் அதே திடலில் இருந்ததாகச் சொல்வார். பொய்யில்லை. கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டிய ஆள் வயிற்றுப்போக்கில் படுத்துவிட, இரண்டாம் பாதியில் இருபது நிமிஷம் அந்தக் கொடி இவர் கையில் இருந்தது. வருஷம் ஆக ஆகக் கதையில் கொடி சிறுத்துக்கொண்டே வந்து ஒருநாள் காணாமலே போய்விட்டது. திடலில் ஸ்டானிஸ்லாஸ் மட்டும் மிஞ்சினார்.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை கப்பலேறி ஓடிய பிறகு அவருடைய சாய்வு நாற்காலியும் விசிலும் கிராணிக்கு வந்தன. ஜப்பான்காரர்கள் வந்த பிறகு கையில் கட்டிக்கொள்ள ஒரு வெள்ளைத் துணிப்பட்டை வந்தது. அதில் சிவப்பு மையில் மூன்று எழுத்துகள். என்ன எழுத்து என்று தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளக் கிராணிக்குத் தைரியம் இல்லை. தெரிந்துவிட்டால் அதற்குத் தக்கபடி நடக்க வேண்டியிருக்கும். அதனால் தெருவில் போகும்போது அந்தக் கையை மட்டும் சற்று முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தார்.

பட்டையைக் கொடுத்தவர் கூலாய் வட்டாரத்துக்கு அதிகாரியாக வந்திருந்த ஹிரட்சுகா. குட்டையான மனிதர், நீளமான வாள். நடக்கும்போது வாள் நுனி தரையில் இடிக்காமலிருக்க இடது தோளை உயர்த்தியே நடப்பார். சக்கரவர்த்தியின் பிறந்தநாளான ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி, கூலாய்த் திடலில் பட்டாளத்து அணியோடு தோட்டத்து அணி ஒன்று மோத வேண்டும் என்பது அவர் உத்தரவு. தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் பொறுக்கித் தரம் பிரித்து எழுத ஸ்டானிஸ்லாஸை நியமித்தார்.

"எல்லாத்துக்கும் மேல எனக்கு வேண்டியது ஒரு செண்டர் ஆஃப்," என்று முனீரிடம் சொன்னார் கிராணி.

முனீர், செடெனாக் ஸ்டேஷன் எதிரில் சாயாக்கடை வைத்திருந்தவர். ஒரு காலத்தில் கோல்கீப்பர். மலாய் நன்றாகப் பேசுவார். ஹிரட்சுகாவுக்கும் அரைகுறை மலாய் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க முனீரையும் சேர்த்துப் போட்டிருந்தார்கள்.

"செண்டர் ஆஃப்ங்கிறவன் யாரு தெரியுமா பாய்? நடுவுல நிக்கிறவன். எதிராளி பந்த எங்க கொண்டு போவப் போறான்னு அவனுக்கே தெரியறதுக்கு முந்தி இவனுக்குத் தெரியணும். போற வழியில நின்னு முறிக்கணும். அவன் இருந்தாத்தான் அணி. இல்லாட்டி பத்துப் பேரு ஓடுறாங்க, அவ்வளவுதான்."

"அப்படி ஒருத்தன நீங்க பாத்திருக்கீங்களா கிராணியாரே?"

கிராணி கொஞ்சம் தயங்கினார். "சிங்கப்பூர்ல," என்று ஆரம்பித்தார். முனீர் சாயாக் குவளையைக் கழுவப் போய்விட்டார்.

ஆள் பொறுக்கும் முறை அவரே கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டாலும், அது தோட்டத்துப் பெரட்டுதான். விடிந்ததும் தொழிலாளிகளை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற அதே களம், அதே வரிசை. பால் வெட்ட ஆள் எடுக்கும்போது பார்ப்பதுபோல மார்பு, தொடை, கை. தையல்காரரிடம் வாங்கிய நாடாவால் அளப்பார். நூறு கஜம் ஓடவிட்டு நேரம் குறிப்பார். கடிகாரத்தில் விநாடி முள் உடைந்துபோயிருந்தது. ஆகவே உதட்டுக்குள்ளேயே 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லிக் கணக்கிடுவார். நாலாங்கட்டைத் தோட்டத்து ராஜசேகரன் ஒன்றரை ஜெபத்தில் ஓடி முடித்தான். அந்தத் தோட்டத்திலேயே அவன்தான் வேகம். எல்லாம் எழுதி, பெயருக்கு எதிரே முதல் தரம், இரண்டாம் தரம், மூன்றாம் தரம் என்று போட்டு, கார்பன் வைத்து மூன்று பிரதி எடுப்பார். ஒன்று ஹிரட்சுகாவுக்கு. ஒன்று தோட்டத்து ஆபீசுக்கு. மூன்றாவது தொழிலாளர் ஆபீசுக்கு. எந்த ஆள் பட்டியலானாலும் மூன்றாவது பிரதி தொழிலாளர் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பது துரை காலத்துச் சட்டம். துரை போய்விட்டார். சட்டத்தைக் கிராணி போகவிடவில்லை.

மார்ச் முதல் வாரம் நாலாங்கட்டையில் ஏழு பேருக்கு முதல் தரம் கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் அரைப் பக்கப் புகழுரை. "புலிப் பாய்ச்சல்", "இரும்புத் தொடை", "ஓயாத மூச்சு". படித்துப் பார்த்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

ஆனால் செண்டர் ஆஃப் கிடைக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தம் தோட்டத்துத் திடலிலேயே, இரண்டு லயத்து வரிசைவீடுகளின் ஆட்களைப் பதினொன்று பதினொன்றாகப் பிரித்து ஆடவிட்டார். ஒரு பக்கம் ஆள் குறைந்தது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த செல்லப்பனைக் கூப்பிட்டார்கள். கான் வெட்டுகிறவன். ரப்பர் வரிசைகளுக்கு நடுவே மழைத் தண்ணீர் வடிகிற கான்களை வெட்டி, தூர் வாரி, பத்து வருஷமாக இடுப்பளவு சேற்றில் நிற்கிறவன். முப்பது வயதுக்கு நாற்பது தெரியும். மலேரியாவில் வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தது. கால் இரண்டும் வில்லாக வளைந்திருந்தன. கிராணி நாடாவை மார்பில் சுற்றினார். இருபத்தொன்பது அங்குலம். நாடாவை அவிழ்க்கும்போதே எழுதிவிட்டார், மூன்றாம் தரம்.

"இவனையாடா செண்டர் ஆஃபுல போடப் போறீங்க?"

"ஆளு இல்லங்கய்யா. சும்மா நிக்கட்டும்."

அவன் சும்மாதான் நின்றான். முதல் பத்து நிமிஷம் கிராணி அவன் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. எதிர்ப்பக்கத்து ஆறடி ஜெயபாலன் பந்தைக் கொண்டு பாய்ந்து வருவான், நாலு பேர் விழுந்தடித்து ஓடுவார்கள், கடைசியில் பந்து செல்லப்பன் காலடியில் கிடக்கும். அவன் ஓடிய மாதிரியே இருக்காது. முன்பே அங்கே நின்றுகொண்டிருந்த மாதிரி இருக்கும். பந்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருகிற தண்ணீர்போலத் தானாக வந்து அவன் காலில் தங்கும். அதை அவன் உதைக்கக்கூட மாட்டான். உள்ளங்காலால் மெல்லத் தள்ளிவிடுவான். தள்ளிய இடத்தில் யாருமே இருக்க மாட்டார்கள். கிராணி வாயைத் திறந்து திட்டப் போகையில், எங்கிருந்தோ ஒருவன் சரியாக அங்கே வந்து சேர்வான். தான் எதற்கு அங்கே வந்தோம் என்று வந்தவனுக்கே தெரிந்திருக்காது.

கிராணி சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்ததை அவர் உணரவில்லை. விசில் வாயிலிருந்து நழுவி மார்பில் தொங்கியது. திடல் முழுவதும் இருபத்தொரு பேர் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், நடக்கப்போகிறதை முன்பே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்து இரண்டாம் தடவை பார்க்கிறவனைப்போல, அமைதியாக ஓரெட்டு இப்படி, இரண்டு எட்டு அப்படி என்று நகர்ந்துகொண்டிருந்தான். வானத்தில் மேகம் நகர்வதை யாரும் ஓட்டம் என்று சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு நகர்தல்.

"பாய்," என்றார் கிராணி. "பாக்குறீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் முனீர். அவரும் எழுந்து நின்றிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் செல்லப்பனைக் கூப்பிட்டார். அவன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

"எங்கடா கத்துக்கிட்ட?"

"எதுங்கய்யா?"

"இதத்தான். பந்து வர்ற எடத்துக்கு முந்தியே போயி நிக்கிறது."

செல்லப்பன் யோசித்தான். யாரும் அதுவரை கேட்டிராத கேள்வி. "கானு வெட்டுறப்ப தண்ணி எந்தப் பக்கம் போவும்னு பாத்துட்டுத்தானுங்களே மம்புட்டியப் போடுறோம். ஆளுங்களும் அப்படித்தான் போறாங்க. எங்க போவாங்கன்னு தெரிஞ்சிட்டா, ஓட வேண்டியதில்லைங்கய்யா."

கிராணி வீட்டுக்குப் போய் மேசையில் உட்கார்ந்தார். எழுத வரவில்லை. "புலி" என்று எழுதி அடித்தார். "இரும்பு" என்று எழுதி அடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, இருக்கிறதை இருக்கிறபடி எழுத வேண்டியிருந்தது. அது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. மூன்று நாளில் மூன்று பக்கம் எழுதினார்.

கெர்ட்ரூட் மரவள்ளிக்கிழங்கைத் தோலுரித்தபடி எட்டிப் பார்த்தாள். "என்னாங்க, சிங்கப்பூர் கதையா?"

"இல்ல."

"கொடி வருதா அதுல?"

"கெர்ட்ரூட், நான் சிங்கப்பூர்ல பாத்தது எல்லாம் ஒண்ணுமே இல்ல. இந்தக் கானு வெட்டுறவன் நடக்குறதப் பாத்தேன். கோயில்ல சாமிக்கு மெழுகுவத்தி கொண்டு போறப்ப எல்லாரும் ஒதுங்கி வழி விடுவாங்கல்ல, அப்படிப் பந்து அவனுக்கு வழி விடுது."

கெர்ட்ரூட் கத்தியை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்து நாலு வருஷத்தில் அவர் தம்மைப் பற்றி இல்லாமல் பேசி அவள் கேட்டதில்லை. நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

செல்லப்பனை அளந்த பட்டியலை இன்னும் அனுப்பவில்லை. கார்பன் தாள் தீர்ந்துபோயிருந்தது. மூன்று பிரதி இல்லாமல் அனுப்புவது கிராணிக்கு முறையாகப் படவில்லை. அதற்குள் ஏப்ரல் நடுவில் தொழிலாளர் ஆபீசிலிருந்து அவருக்கு ஒரு கடிதம் வந்தது. முத்திரை குத்திய கடிதம். பெரட்டில் எல்லாரையும் நிற்க வைத்து, பட்டை கட்டிய கையில் பிடித்து, உரக்கப் படித்தார்.

"தங்கள் பட்டியல் மிகத் தெளிவாக உள்ளது. முதல் தரம் எனக் குறித்த எழுவரும் பெரிதும் பயன்பட்டனர். மற்றத் தோட்டங்களின் பட்டியலையும் விரைந்து அனுப்புக."

கூட்டம் மம்புட்டியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு வேலைக்குக் கலைந்தது. என்ன பயன் என்று கேட்க அவருக்கும் தோன்றவில்லை. பாராட்டு என்றால் அவர் உள்ளே ஆராய்கிறவர் இல்லை.

அன்று பத்து மணிவாக்கில் முனீர் சைக்கிளில் வந்தார். டயருக்குப் பதில் தண்ணீர் விடும் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள், கல் ரோட்டில் தடதடவென்று வந்தது. ஆபீசு வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்து, உட்காராமல் நின்றார்.

"கிராணியாரே, ராஜசேகரன நேத்துப் பாத்தேன்."

"எங்க? பயிற்சிக்கு வரச் சொல்லி ஆளு விட்டேன். ஏழு பேர்ல ஒருத்தனும் வரல. முதல் தரம்னு எழுதினதும் தலக்கனம்."

"ஸ்டேஷன்ல பாத்தேன். சரக்கு வண்டிக்குள்ள." முனீர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "கதவு இடுக்குல இருந்து கை காட்டினான். 'பாய், அங்க பூட்ஸ் குடுப்பாங்களா'ன்னு கேட்டான்."

"எங்க?"

"நானும் அதத்தான் கேட்டேன். மேட்சுக்குக் கூட்டிட்டுப் போறோம்னு சொல்லி ஏத்தியிருக்கானுங்க. வண்டி வடக்க போச்சு கிராணியாரே. சயாமுக்கு. ரயில் பாதை போட."

சயாம் என்ற சொல்லுக்கு அந்த மாதம் தோட்டங்களில் விளக்கம் தேவையில்லை. போனவர்கள் உண்டு, கடிதம் வந்ததில்லை.

"ஏழு பேருமா?" என்று கேட்டார் கிராணி.

"எண்ணிப் பாத்தேன்லா. ஏழு."

மேசைமேல் அந்தக் கடிதம் கிடந்தது. அதில் 'பயன்பட்டனர்' என்ற சொல் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. கிராணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காத மூன்றாவது பிரதி. துரை இல்லாத ஊரில் துரையின் சட்டம். புலிப் பாய்ச்சல், இரும்புத் தொடை, ஓயாத மூச்சு. பாதை போட ஆள் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சீட்டை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? மூன்று தடவை கையைத் தூக்கி முகத்தைத் துடைத்தார். மூன்று தடவையும் துணிப்பட்டைதான் முகத்தில் உரசியது.

வீட்டுக்குப் போய் அந்த மூன்று பக்கங்களையும் கெர்ட்ரூட்டிடம் நீட்டினார். நடந்ததைச் சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. கெர்ட்ரூட் அவற்றை அடுப்பில் வைத்து, கிழங்கு வேக வைத்தாள். பிறகு சொன்னாள்: "இதுவரைக்கும் இல்லாதத இருக்குன்னு எழுதுனீங்க. இப்ப இருக்கிறத இல்லன்னு எழுதுங்க. உங்களுக்குக் கஷ்டமா என்ன?"

எழுதினார். அந்தப் பட்டியலில் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து முப்பத்தாறு பேரும் மூன்றாம் தரம். ஜெயபாலன்: உயரம் ஆறடி, ஆயினும் காற்றடித்தால் அது போகும் பக்கம் போகிறார். இன்னொருவர்: இடது முழங்கால், மழை வருவதை இரண்டு நாள் முன்பே அறிவிக்கிறது. மற்றொருவர்: ஓடும்போது இருமுகிறார், இருமும்போது நிற்கிறார், நின்றால் தூங்கிவிடுகிறார். செல்லப்பனுக்கு வந்தபோது பேனா நின்றது. வெகு நேரம் கழித்து எழுதினார்: பந்து எங்கே வரும் என்பதே இவருக்குத் தெரியாது.

ஒரே பிரதி. அதை முனீரே ஹிரட்சுகாவிடம் கொண்டுபோனார். பதிலோடு திரும்பினார்.

"நாலாங்கட்டையில ஏழு புலி கெடச்சுதே, உன் கிராணி தோட்டத்துல ஒரு பூனை கூடவா இல்லன்னு கேக்குறான். மேட்சுல இவனுங்களையே எறக்கணுமாம். தொழிலாளர் ஆபீசு லாரியும் திடல் ஓரமா நிக்குமாம். பட்டியல் பொய்யின்னா, ஆட்டம் முடிஞ்சதும் நேரா லாரிதானாம்."

"நமக்கு?"

"அதச் சொல்லலைலா. வாளத் தட்டிக் காட்டினான்."

தண்ணீர்க் குழாயடியில் கெர்ட்ரூட் சொன்னது மத்தியானத்துக்குள் எல்லா லயத்துக்கும் போய்விட்டது: நல்லா ஆடுறவன் சயாமுக்குப் போவான். செல்லப்பனிடம் மட்டும் கிராணியே போனார். அவன் கானுக்குள் நின்று தூர் வாரிக்கொண்டிருந்தான். மேட்டில் நின்று பேச முடியாமல், ஸ்டானிஸ்லாஸ் வெள்ளைக் கால்சட்டையோடு குந்தி உட்கார்ந்தார். குந்தி எத்தனை காலமோ. முட்டி இரண்டும் சத்தம் போட்டன.

"இருபத்தொம்பதாந்தேதி நீ ஆடணும் செல்லப்பா. ஆனா ஆடத் தெரியாதவனா ஆடணும்."

"தெரியாதவன்னா, எந்த அளவுக்குங்கய்யா?"

"பாக்குறவன் சிரிக்கணும்."

"சும்மா நின்னுடவா?"

"நின்னா கண்டுபிடிச்சிருவான். ஓடணும். வேர்க்கணும். பந்துக்குப் போவணும். ஆனா பந்து கெடைக்கக் கூடாது."

செல்லப்பன் மம்புட்டியை ஊன்றி நின்றான். "அது கஷ்டமுங்களே. பந்து வர்ற எடம் தெரிஞ்ச பொறவு காலு அங்கதானே போவும். வேணாம்னா கேக்குமா?"

"உன் சம்சாரம் பேச்சியம்மாளுக்கு எத்தன மாசம்?"

"ஆறுங்கய்யா."

செல்லப்பன் தலையாட்டினான். "பாக்குறேங்கய்யா."

பிறந்தநாளன்று திடலில் முதலில் அரை மணி நேரம் பேச்சு. விளையாட்டு என்பது ஆன்ம பலம் என்று ஹிரட்சுகா வெயிலில் முழங்கினார். ஆன்ம பலத்தில் இரண்டு பட்டாளத்தார் மயங்கி விழுந்தார்கள். பிறகு சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் வடகிழக்கு நோக்கி எல்லாரும் குனிந்து வணங்கினார்கள். திடலுக்கு வடகிழக்கில் மாட்டுக் கொட்டகை. மாடுகள் மரியாதையை ஏற்றுக்கொண்டு அசைபோட்டன. திடல் ஓரத்தில், கதவு திறந்தபடி லாரி நின்றது.

ஆட்டம் தொடங்கிய பத்தாவது நிமிஷத்திலேயே கிராணிக்கு வியர்த்தது. தோட்டத்து ஆட்கள் வேண்டியதற்கு மேல் மோசமாக ஆடினார்கள். ஒருவன் இருமினான் என்றால் வரிசையாக எல்லாரும் இருமினார்கள். கோல்கீப்பர் பந்து வருமுன்பே விழுந்து கிடந்தான். ஜெயபாலன் முதலில் இடது காலை நொண்டினான். களைப்பு வந்ததும் வலது காலுக்கு மாறிக்கொண்டான்.

"அலமாக்," என்று முணுமுணுத்தார் முனீர். "ஒரு காலப் புடிச்சிக்கிட்டு நொண்டச் சொல்லக் கூடாதா கிராணியாரே?"

ஹிரட்சுகா நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். கண்கள் சுருங்கின. ஜெயபாலனின் கால்களை மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார். அவர் கண் நடுத்திடலுக்குப் போயிருந்தது.

அங்கே செல்லப்பன் ஓடிக்கொண்டிருந்தான். அவன் ஒருவன் மட்டும் உயிரைக் கொடுத்து ஓடினான். பட்டாளத்தான் இடப்பக்கம் பந்தை அனுப்பினால் இவன் பாய்ந்து போவான், காலை நீட்டுவான், பந்து விரலுக்கு எட்டாமல் கடந்து போகும். உயரப் பந்து வந்தால் எம்பிக் குதிப்பான், பந்து உச்சிமயிரைத் தொடாமல் தாண்டும். விழுந்தான், எழுந்தான், சேற்றை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி ஓடினான். கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. பட்டாளத்தார் சிரித்தார்கள். ஹிரட்சுகாவின் மீசையும் அசைந்தது. பாவம், இவ்வளவு பாடுபடுகிறான், ஒன்றுமே கிடைக்கவில்லையே என்று பார்த்தவர்களுக்கெல்லாம் தோன்றியது. இவன் நடிக்கிறான் என்று எவன் சொல்வான்?

கிராணி சிரிக்கவில்லை. முதலில் கண்ணை நம்பவில்லை. பிறகு எண்ண ஆரம்பித்தார். பத்து, பதினைந்து, இருபது. ஒவ்வொரு தடவையும் பந்து செல்லப்பனை ஓர் எட்டுத் தள்ளியே கடந்தது. ஒன்றரை எட்டு இல்லை, அரை எட்டு இல்லை. ஒரே எட்டு. தெரியாதவன் தவறவிட்டால் சில சமயம் பத்து எட்டில் தவறும். சில சமயம் அதிர்ஷ்டத்தில் காலிலேயே வந்து விழும். இருபது தடவையில் இருபது தடவையும் பந்தைத் தவறவிட, பந்து எங்கே வரும் என்று இருபது தடவையும் தெரிந்திருக்க வேண்டும். உலகத்தில் எந்தத் திடலிலும், எந்தக் கப்பல்படை அணியிலும், இப்படி ஒருவன் பந்து வரும் இடத்தில் இல்லாமல்போவதில் இவ்வளவு துல்லியமாக இருந்திருக்க மாட்டான். நாடா அளக்காது இதை. ஜெபம் சொல்லி எண்ண முடியாது. இருபத்தோராவது தடவை பந்து கடந்தபோது ஸ்டானிஸ்லாஸ் தம்மை அறியாமல் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் ஏழு கோல் ஆகியிருந்தபோது அது நடந்தது. பட்டாளத்து ஆட்டக்காரன் ஒருவன், தலையைத் தூக்காமல் நடுவே ஒரு பந்தைத் தள்ளினான். செல்லப்பன் அங்கே இருந்தான். காலில் வந்து தங்கிவிட்டது. தண்ணீர் பள்ளத்தில் தங்குவதுபோல.

திடலே ஒரு கணம் ஓய்ந்த மாதிரி இருந்தது. செல்லப்பன் நிமிர்ந்தான். கிராணி அவன் கண் போன இடத்தைப் பார்த்தார். இடப்பக்கம், இருபது கஜத்தில், யாரும் இல்லாத ஒரு பச்சைத் துண்டு. அங்கே தள்ளினால் எவனாவது ஒருவன் வந்து சேர்வான். கோல் திறந்து கிடக்கிறது. ஹிரட்சுகா நாற்காலியை விட்டு எழுந்தார். லாரி டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டான்.

செல்லப்பன் திரும்பினான். தன் பக்கத்துக் கோலைப் பார்த்து, முப்பது கஜத்திலிருந்து, வளைந்த காலால் ஓங்கி உதைத்தான்.

பந்து தரையிலிருந்து எழும்பி, சுழலாமல், கிழித்த கோடுபோலப் போய், கம்பம் இரண்டும் சேரும் மேல்மூலையில் நுழைந்தது. சொந்தக் கோலில். விழுந்து கிடந்த கோல்கீப்பர் படுத்தபடியே அண்ணாந்து பார்த்தான்.

ஹிரட்சுகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாள் நாற்காலியில் மாட்டிக்கொள்ள, அதை இழுத்தபடியே சிரித்தார். கண்ணில் நீர் வந்தது. திடல் முழுக்கச் சிரித்தது. கிராணி மட்டும் அந்த மேல்மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று அந்தத் திடலில் உதைக்கப்பட்ட ஒரே நல்ல பந்து அது. அவர் ஆயுளில் பார்த்த ஒரே பந்தும் அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

ஒன்பது கோலில் ஆட்டம் முடிந்தது. ஹிரட்சுகா மடியிலிருந்த பட்டியலை எடுத்து, செல்லப்பன் பெயரைத் தேடி, "பந்து எங்கே வரும் என்பதே இவருக்குத் தெரியாது" என்ற வரியை முனீரை மலாயில் வாசிக்கச் சொல்லி மறுபடி சிரித்தார். "பெத்துல், பெத்துல்," சரியாகச் சொன்னாய் என்று கிராணியின் தோளில் தட்டினார்.

"உங்க கண்ணு நல்ல கண்ணாம்," என்று மொழிபெயர்த்தார் முனீர். "எழுதினது ஒவ்வொண்ணும் உண்மையாம். உங்கள மாதிரி நேர்மையான ஆள அவன் இந்த ஊர்ல பாத்ததே இல்லையாம்."

கிராணி குனிந்து வணங்கினார். ஹிரட்சுகா கிழித்துப் போட்ட பட்டியல் காற்றில் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போயிற்று. லாரி வெறுமையாகத் திரும்பியது. அந்தத் தோட்டத்துக்கு அடுத்த மாதம் முழுக்க அது வரவில்லை.

திடலுக்குப் பின்னால் கானில் செல்லப்பன் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். கிராணி வந்து நின்றார்.

"ஒண்ணு தவறிப்போச்சுங்கய்யா," என்றான் அவன், தலை நிமிராமல். "எவ்வளவோ சொன்னேன், காலு கேக்கல. அந்த ஒண்ணுதான்."

ஸ்டானிஸ்லாஸ் பேச வாயைத் திறந்தார். புலி, இரும்பு, சிங்கப்பூர், எதுவும் வரவில்லை. கையிலிருந்த துணிப்பட்டையை அவிழ்த்து, அவன் துடைத்துக்கொள்ள நீட்டினார். அவன் எழுத்தைப் பார்த்துத் தயங்கினான். "பரவால்ல, தொடச்சுக்க," என்றார். அவன் துடைத்தான்.

வீட்டு வாசலில் கெர்ட்ரூட் காத்திருந்தாள். அவர் தனியாக வருவதையும், பின்னால் அழுகைச் சத்தம் எதுவும் இல்லாததையும் கண்டு மூச்சு விட்டாள். அடுத்து வரப்போகிற நீண்ட கதைக்குத் தயாராகக் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"என்னாங்க, மேட்ச் எப்படி?"

"தோத்துட்டோம்," என்றார் ஸ்டானிஸ்லாஸ்.

கெர்ட்ரூட் காத்திருந்தாள். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மேசைக்குப் போய், ஒரு தாளை எடுத்து, நாலாங்கட்டையிலிருந்து போன ஏழு பேரின் பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பெயர்களுக்கு எதிரே எதுவும் போடவில்லை. மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, கிழங்கு இருக்கிறதா என்று கேட்டார்.